மூன்றாம் அலமாரிக்கு வந்த கொத்து

பிப்ரவரி 6

அன்புள்ள வாண்டுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். உன் நலத்தை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் நம்புவேன்.

வழியனுப்ப பேருந்து நிலையத்துக்கு வரவில்லை என்று உனக்குக் கோபம் இருக்கும். இருக்கட்டும். "வீட்டுக்கு ஒரு நொண்டி போதும்" என்று நான் கத்தியது தப்புதான். ஆனால் யோசித்துப் பார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அதே மலையில் செடி பறிக்கப் போய், பாறையிலிருந்து விழுந்து, கடலோர எலும்பு ஆஸ்பத்திரியில் நான்கு மாதம் கிடந்து, இடது கால் ஓர் அங்குலம் குட்டையாகத் திரும்பி வந்தவன் நான். அவனிடம் தங்கை போய் "அண்ணா, எனக்கும் அதே வேலை கிடைச்சிருச்சு!" என்று குதித்தால் அவன் வாயில் வேறென்ன வரும்?

சரி, வேலைக்கு வருகிறேன். நம் தாவரக் காட்சியகத்தின் புதுக் கண்காட்சிக்காக என் மேசைக்குப் பின்னால் நான்கு அலமாரிகள் வந்திறங்கியிருக்கின்றன. முதலாவது பாசிகளுக்கு, இரண்டாவது பெரணிகளுக்கு, மூன்றாவது கூம்பு காய்க்கும் ஊசியிலை மரங்களுக்கு, நான்காவது பூக்கும் செடிகளுக்கு. நான்கும் காலி. நீங்கள் பறித்து அனுப்ப வேண்டும், நான் தாளில் ஒட்டித் தைத்து அடுக்க வேண்டும். கடிதங்களைத் தபாலில் போட்டுக் காத்திருக்காதே. செடிக் கட்டு கொண்டுவரும் ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டால் நேராக என் மேசைக்கே வந்துவிடும்.

கயிறு கட்டாமல் எதிலும் ஏறாதே.

உன் அண்ணன்

(அண்ணி எழுதுவது: நீ போன அன்று ஜன்னலில் நின்று உன் பேருந்து தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தவர் இவர்தான். கேட்டால் மழை வருமா என்று பார்த்தாராம்.)

பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

வாண்டு வணக்கத்தோடு எழுதுவது. என் கையெழுத்துதான், உற்றுப் பார்த்துக்கொள். கை, கால், தலை எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கின்றன.

அடிவாரக் காட்டில் முகாம் போட்டிருக்கிறோம். ஆறு பேர். எங்கள் குழுத் தலைவி அறுபது வயதுக்காரர். நாங்கள் மூச்சு வாங்கும் இடத்தில் அவர் விசில் அடித்துக்கொண்டு ஏறுகிறார். இங்கே வெயில் தரையைத் தொடுவதே இல்லை. அந்த ஈர நிழலில்தான் பெரணிகள் இடுப்பளவு நிற்கின்றன. இலையைத் திருப்பினால் அடியில் வரிசையாகப் பழுப்புப் பொட்டு. தட்டினால் கையெல்லாம் தூள். பூவும் இல்லாமல் விதையும் இல்லாமல் அந்தத் தூளை வைத்தே காடு முழுக்கப் பிள்ளை பெற்றுப் போட்டிருக்கின்றன. பூக்கும் செடிகளுக்குக் கணக்கே இல்லை. மரத்தின் தோளில் ஒன்று, பாறை இடுக்கில் ஒன்று, ஓடைக்குள் ஒன்று. உன் நாலாவது அலமாரி போதாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

அட்டைப்பூச்சிதான் பெரிய தொல்லை. எனக்குள் இருக்கும் ரத்தத்தில் பாதி அவற்றுக்குள் இருக்கிறது.

வழியனுப்ப வராததை மன்னித்தாயிற்று. கத்தியதை இன்னும் இல்லை.

வாண்டு

மார்ச் 15

அன்புள்ள வாண்டுக்கு,

நாங்கள் சௌக்கியம். அட்டைக்கு மிஞ்சிய பாதியையாவது பத்திரமாக வைத்துக்கொள்.

முதல் கட்டு வந்தது. இருபத்தெட்டுப் பெரணியில் இருபத்தாறு அப்பழுக்கில்லை. ஒன்றின் நுனி மடிந்திருந்தது, நீராவி காட்டி நிமிர்த்திவிட்டேன். இன்னொன்றில் நீ எழுதிய சீட்டு: "ஈரமான இடம். அழகாக இருந்தது." இது என்ன கல்யாண வீட்டு விமரிசனமா? எவ்வளவு உயரம், எந்தப் பக்கச் சரிவு, பக்கத்தில் என்ன மரம் என்று எழுது. செடி தனியாக இருந்தால் வெறும் சருகு. எங்கே நின்றது என்ற சீட்டோடு சேர்ந்தால்தான் அது ஆவணம்.

அலுவலகத்தில் இப்போது என்னைப் 'பசை' என்று கூப்பிடுவதோடு நிறுத்துவதில்லை. 'பசை அண்ணனோட தங்கச்சி அனுப்பின கட்டு' என்று வேடிக்கை பார்க்க வருகிறார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமைதான். அதை நான் எழுதியதாக வைத்துக்கொள்ளாதே.

கயிற்றின் மறுமுனையை யார் பிடிக்கிறார்கள்? பெயர் தேவையில்லை, எடை எவ்வளவு என்று எழுது.

உன் அண்ணன்

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். அண்ணிக்கு என் அன்பு. கயிறு பிடிப்பவர் தொண்ணூறு கிலோ. நிம்மதியா?

இன்னும் மேலே வந்துவிட்டோம். அருவிக்குப் பின்னால் ஒரு பாறைச் சுவர். அது முழுக்கப் பாசி. விரல் வைத்தால் ஈரக் கம்பளி மாதிரி அமுங்குகிறது. வேர் என்று சொல்ல ஒன்றுமில்லை, தண்ணீரை மேலே ஏற்றக் குழாயும் இல்லை. தண்ணீர் மேலே தெறிக்கும் வரைதான் வாழ்க்கை. தெறிக்காத இடத்தில் கோடு போட்டதுபோல நின்றுவிடுகிறது. ஒரு சாண் தள்ளிக்கூட இல்லை! சீட்டில் உயரம், சரிவு, திசை எல்லாம் எழுதியிருக்கிறேன், விமரிசகரே.

காற்று குளிர ஆரம்பித்துவிட்டது. பெரிய இலை மரங்கள் ஒவ்வொன்றாகப் பின்தங்குகின்றன. முகட்டில் கறுப்பாக ஒரு வரிசை தெரிகிறது. பைன் மரங்கள். அடுத்த வாரம் அங்கே ஏறுகிறோம். மூன்றாம் அலமாரிக்கு முதல் கொத்தை உனக்கென்று தனியாகக் கடிதத்துக்குள் வைத்து அனுப்புகிறேன்.

கத்தியதையும் மன்னித்துவிட்டேன்.

வாண்டு

மே 20

அன்புள்ள வாண்டுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா? ஆறு வாரமாக ஒரு வரி இல்லை. கட்டுகள் வருகின்றன. ஆனால் சீட்டுகள் வேறு யாருடைய கையெழுத்திலோ இருக்கின்றன. ஓட்டுநரைக் கேட்டேன். "மேல ரொம்ப வேலை சார், எழுத நேரமில்லை" என்று என் செருப்பைப் பார்த்துப் பதில் சொன்னார்.

இங்கேயும் என்னவோ சரியில்லை. வேலைக்குச் சேர்ந்த பதினோரு வருடத்தில் என்னைப் பார்த்துத் தலைகூட ஆட்டாத இயக்குநர், போன திங்கட்கிழமை மாடியிலிருந்து இறங்கி வந்து, "டீ சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். நேற்று என் நாற்காலிக்குப் புது மெத்தை வந்திருக்கிறது. நான் டீ அறைக்குள் நுழைந்தால் பேச்சு சட்டென்று நின்றுவிடுகிறது. என்னை வேலையை விட்டு அனுப்பப் போகிறார்களோ என்று உன் அண்ணியிடம் சொன்னேன். "அனுப்பறவங்க மெத்தை தருவாங்களா?" என்கிறாள்.

இரண்டு வரி போதும். எழுது.

உன் அண்ணன்

ஜூன் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அண்ணியும் நீயும் நலமாக இருப்பீர்கள். தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

மேலே பயங்கரக் குளிர். பேனாவில் மை உறைந்துவிட்டது, அதனால் பென்சில். விரல் விறைத்திருப்பதால் எழுத்து கோணல். பைன் காடு அமைதியாக இருக்கிறது. கீழே பூக்கள் ஆயிரம் வகை. இங்கே ஒரே மரம், ஒரே வாசனை, மலை முழுக்க. இலையை ஊசியாகச் சுருட்டிக்கொண்டதால் பனி உட்கார இடமில்லை. சொன்னபடி ஒரு கொத்து இதற்குள் இருக்கிறது.

நாளை கொஞ்சம் பெரிய ஏற்றம். முடிந்ததும் எழுதுகிறேன். கவலைப்படாதே.

வாண்டு

ஜூன் 11

அன்புள்ள வாண்டுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதமும் கொத்தும் கிடைத்தன.

கொத்தை இன்னும் ஒட்டவில்லை. மேசை மேல் இருக்கிறது.

பெரிய ஏற்றம் முடிந்ததா? குளிருக்குக் கம்பளி போதுமா? ஜன்னல் பக்கம் படுக்காதே, ஈரக் காற்று ஆகாது.

உன் அண்ணன்

ஜூன் 14

அன்புள்ள வாண்டுக்கு,

அண்ணி எழுதுவது. நான் நலம், உன் அண்ணன் நலமில்லை. அதனால் இதை மலைக்கு அனுப்பாமல், கடலோர எலும்பு ஆஸ்பத்திரி, பெண்கள் பகுதி என்று விலாசம் போட்டுத் தபாலில் அனுப்புகிறேன். அதிர்ச்சியாகாதே. அவருக்குத் தெரிந்துவிட்டது.

எட்டாம் தேதி சாயங்காலம் உன் உறையோடு வீட்டுக்கு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, "இதைப் பாரு" என்றார். எனக்கு ஊசி ஊசியாகப் பைன் மாதிரிதான் தெரிந்தது. "பைன் இலைன்னா மூணு மூணா ஒரு உறைக்குள்ள இருக்கும். இது இலையே இல்ல, குச்சி. இழுத்தா கணுக்கணுவா கழண்டு வருது பார். கணுவைச் சுத்திப் பல்லு பல்லா இருக்கே, அதுதான் இலை. இது சவுக்கு. ஊசியிலை மரமே கிடையாது, பூக்கற மரம். கடல் மணல்ல நிக்கும், பனியில ஒரு நாள்கூட நிக்காது" என்றார்.

பிறகு உறையைக் கவிழ்த்தார். மேசையில் நாலைந்து மணல் துகள், கிளிஞ்சல் தூள்.

"பென்சில்ல எழுதியிருக்கா. படுத்துக்கிட்டு எழுதினா பேனா எழுதாது. நான் நாலு மாசம் அப்படித்தான் எழுதினேன். அந்த ஜன்னலுக்கு வெளிய நின்னது இதே சவுக்குதான்" என்றார். 

மறுநாள் ஓட்டுநரைப் பிடித்துக் கேட்டிருக்கிறார். அவர் அழுதேவிட்டாராம். ஏப்ரல் பதினெட்டில் மண் சரிந்து நீ விழுந்தது, இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது, யாரும் அண்ணனிடம் சொல்லக் கூடாது என்று நீ இயக்குநர் வரை எல்லோரிடமும் சத்தியம் வாங்கியது எல்லாம் வந்துவிட்டது. ஆக, கட்டடம் முழுக்கத் தெரிந்திருக்கிறது. இவருக்கு மட்டும் மெத்தை கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன்னை மலை வேலையிலிருந்து எடுத்து, தன் பக்கத்து மேசையில் உட்கார வைக்க வேண்டும் என்று இயக்குநருக்கு ஒரு கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். இரண்டு தடவை மாடிப்படி ஏறிப் பாதியில் இறங்கிவிட்டாராம். அடுத்த வாரம் சனிக்கிழமை அங்கே வருகிறார். நானும் வருகிறேன் என்றேன், தனியாகப் போக வேண்டும் என்கிறார்.

அவர் கத்தினால் கத்தட்டும். நீ கத்தாதே.

அண்ணி

ஜூன் 24

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். விழுந்த பிறகு முதல் தடவையாக இந்த வார்த்தையை உண்மையாக எழுதுகிறேன், பேனாவில், உட்கார்ந்துகொண்டு.

அண்ணன் சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்தான். கட்டிலருகே நின்று என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தான். நான் எல்லாவற்றையும் கேட்கத் தயாராக இருந்தேன். அவனோ சட்டைப்பையிலிருந்து அந்தக் கொத்தை எடுத்து, "இதை யாரு வெச்சது?" என்றான்.

நான் பார்த்ததும் திகைத்துவிட்டேன். நான் வைக்கச் சொன்னது பைன்! ஓட்டுநர் மலையிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததை கட்டிலருகே மேசை மேல் வைத்திருந்தேன். எனக்கு இரண்டாவது ஆபரேஷன் (நான் எழுதிய அந்தப் 'பெரிய ஏற்றம்') நடந்த அன்று, அதை உறையில் போட்டு ஓட்டுநரிடம் கொடுக்கும்படி நர்ஸிடம் சொல்லியிருந்தேன். அந்தம்மா அங்கேயே ஒப்புக்கொண்டார்.

"பெருக்கறவங்க குப்பைன்னு நினைச்சுக் கூட்டிட்டாங்க சார். வண்டிக்காரர் வெளிய ஹாரன் அடிக்கறார். இவங்க உள்ள மயக்கத்துல. வாசல்ல நின்ன மரத்துல ஒண்ணு ஒடிச்சு வெச்சேன். ரெண்டும் ஊசி ஊசியாதானே இருந்துச்சு!"

"ஊசியா இருந்தா எல்லாம் ஒண்ணாம்மா?" என்று ஆரம்பித்தான். அவ்வளவுதான். நின்றபடியே கால் மணி நேரம். பாசிக்கு ஏன் எப்போதும் ஈரம் வேண்டும், பெரணி ஏன் நிழலை விட்டு வராது, பைன் எப்படிப் பனியைத் தாங்குகிறது, பூக்கும் செடி ஏன் பாலைவனம் முதல் குளம் வரை எங்கும் குடியேறியது என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி பாடம் எடுத்தான். கையில் மாவுக்கட்டோடு எதிர்க் கட்டிலில் இருந்தவர், "அப்ப வாழை மரம் எந்த அலமாரி சார்?" என்று கேட்டார். "நாலாவதும்மா. ஆனா அது மரமே இல்ல, பெரிய செடி. அடிமரம்னு நீங்க நினைக்கறது இலைக்காம்போட சுருள்" என்றான். "இத்தனை நாள் ஏமாந்துட்டேனே" என்று அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். நர்ஸ் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அவனுக்கு என் காலைப் பார்க்கப் பயம், அதற்காகத்தான் இந்தப் பேச்செல்லாம் என்று எனக்குப் புரிந்தது.

பன்னிரண்டு மணிக்கு டாக்டர் வந்து, "இன்னைக்கு நிக்கலாம்" என்றார். இரண்டு கம்பிக்கு நடுவில் நிறுத்தினார்கள். பதினான்கு அடி நடந்தேன் அண்ணி! அண்ணன் உதடு அசைய எண்ணிக்கொண்டே வந்தான். திரும்பக் கட்டிலில் உட்கார்ந்ததும் பையிலிருந்து தாள் ஓரம் அளக்கும் டேப்பை எடுத்தான்.

"காலை நீட்டு."

இடுப்பு எலும்பிலிருந்து கணுக்கால் வரை அளந்தான். வலது, இடது. மறுபடி இடது, வலது. மூன்றாவது தடவை டாக்டரையே டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னான். ஒரே அளவு. ஒரு நூல்கூட வித்தியாசமில்லை.

டேப்பைச் சுருட்டினான். சுருட்ட வரவில்லை. அப்படியே கொசகொசவென்று பையில் திணித்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டான். கால் மணி நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"ஏன்டி சொல்லல?"

"நடந்து வந்து சொல்லணும்னு இருந்தேன்ணா. படுத்துக்கிட்டு சொன்னா நீ என்னை எழுந்துக்கவே விடமாட்ட."

 இயக்குநருக்கு எழுதிய கடிதத்தை எடுத்து, என் முன்னாலேயே எட்டாகக் கிழித்தான்.

ஆனால் ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. விழுந்தவர் மறுபடி மலைக்குப் போக வேண்டுமென்றால், வீட்டில் மூத்தவர் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அந்தப் படிவத்தையும் கொடுத்தேன். மடித்து வைத்துக்கொண்டான். போடுகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. செப்டம்பரில் குழு மேலே ஏறுகிறது. நீங்கள் எதுவும் கேட்க வேண்டாம். அவனாகச் செய்யட்டும்.

வாண்டு

ஜூலை 21

அன்புள்ள வாண்டுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ கைத்தடியோடு கடற்கரை வரை போய்வந்ததாக எழுதியதை உன் அண்ணி இரண்டு தடவை வாசித்துக் காட்டினாள்.

படிவம் ஒரு மாதமாக என் இழுப்பறையில் இருக்கிறது. அதில் கையெழுத்துப் போடுவதற்கு முன் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உன் அண்ணிக்குக்கூட இது தெரியாது. இனிமேல் தெரியும், ஏனென்றால் இதை அவள்தான் உறையில் போடப்போகிறாள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது டாக்டர் என்னிடம், "செருப்புல ஒரு அங்குலம் ஏத்திக்கிட்டா நீங்க தாராளமா மலை ஏறலாம்" என்றார். சான்றிதழும் எழுதிக் கொடுத்தார். நான் அதைப் பேருந்திலேயே கிழித்துப் போட்டேன். கால் போய்விட்டது என்று அலுவலகத்தில் சொல்லி மேசை வேலை கேட்டு வாங்கினேன். எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள், நம்பினார்கள். போனது கால் இல்லை வாண்டு, தைரியம். சரிவைப் பார்த்தாலே கை நடுங்கும். அதைச் சொல்ல வெட்கம், அதனால் காலைச் சொன்னேன்.

உனக்கு அந்த வேலை கிடைத்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. கூடவே பயம். இரண்டும் ஒரே சமயத்தில் வந்தால் மனுஷன் கத்துவான் போலிருக்கிறது.

இப்போது நீயும் விழுந்தாய். எழுந்ததும் முதல் வேலையாகப் படிவத்தை நீட்டுகிறாய். இதை என்னால் தடுக்க முடியும் என்று நினைத்து ஒரு மாதம் அந்த இழுப்பறையைத் திறந்து திறந்து மூடினேன். என்னால் முடியும்தான். ஆனால் உன்னை என் பக்கத்து மேசையில் உட்காரவைத்து, நாள் முழுக்க உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் பசை தடவ முடியாது.

அதனால் இன்று ஞாயிற்றுக்கிழமை, ராத்திரிச் சாப்பாடு முடிந்த கையோடு, மேசையில் தாளை விரித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கொஞ்சம் கோணலாக விழுந்துவிட்டது. கோணலாக இருந்தாலும் செல்லும் என்று உன் அண்ணி சொல்கிறாள்.

உன் அண்ணன்

ஜூலை 22

அன்புள்ள வாண்டுக்கு,

அண்ணி எழுதுவது. நான் நலம். இந்தத் தடவை உன் அண்ணனும் நலம், நானே சாட்சி. படிவம் இதோடு வருகிறது.

அவர் எழுதியதை வாசித்துவிட்டேன். ஒன்பது வருடமாக அவர் கால் வலிக்கு எண்ணெய் காய்ச்சித் தடவினவள் நான்! கோபப்பட வேண்டும் என்று நினைத்துத்தான் அறைக்குள் போனேன். கடிதத்தை என்னிடம் கொடுத்த கையோடு நாற்காலியிலேயே சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிக் கட்டிலில் படுக்கவைத்தேன். ஜூன் மாதத்திலிருந்து இந்த வீட்டில் யாரும் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கியதில்லை. கோபத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விளக்கை அணைத்துவிட்டேன்.

இப்போது திங்கட்கிழமை காலை மணி பத்து. பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போகாதவர். ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, இயக்குநரே ஆள் அனுப்பிவிட்டார். வந்தவர் உன் ஓட்டுநர்தான். வாசலில் மூச்சிரைக்க நின்றார்.

"பசை அண்ணனுக்கு என்னங்க ஆச்சு?"

 உள்ளே கூப்பிட்டு, அறைக் கதவைக் கொஞ்சம் திறந்து காட்டினேன். குப்புறப் படுத்து, போர்வை ஒரு பக்கம், தலையணை ஒரு பக்கமாக, பெரிய குறட்டை. ஓட்டுநர் நெஞ்சில் கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டார். "தூங்கட்டும்மா, நான் மேல சொல்லிக்கறேன்" என்று கிசுகிசுத்தார். போகிற போக்கில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கால்விரல் நுனியில் படியிறங்கினார்.

அண்ணி